பொங்கல் வரைக்கும் தாங்கும் சபதங்கள்

2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கச் சேர்ந்து ஒரு புத்தாண்டுச் சபதம் எடுத்தது. ஞாபகம் இருக்கிறதா? கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற தாள் என்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களுக்கு அன்று முதல் தடை. முந்தைய ஆண்டு ஜூன் 5ஆம் தேதியே சொல்லிவிட்டார்கள். தயாராவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் நாம் அபராதத்துக்குப் பயந்து நடக்கவில்லை. ஆசையாகவே நடந்தோம்.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குக் காய்கறி வாங்கப் போனவர்கள் கையில், பீரோவுக்கு மேல் வருஷக்கணக்காகக் கிடந்த கல்யாணத் தாம்பூலப் பைகள் தொங்கின. 'திருநிறைச்செல்வன்', 'திருநிறைச்செல்வி' என்று யார் யாருடைய பெயரோ தெருவில் நடமாடியது. கறிக்கடை வரிசையில் எவர்சில்வர் டப்பாக்கள். சாம்பார், சட்னி வாங்கத் தூக்குச்சட்டி. டீக்கடையில் பார்சல் கேட்டால் "பிளாஸ்க் இருக்கா?" என்றார்கள். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டோரக் கடைகளில் வாழையிலைக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. நம்மால் முடிகிறதே என்று நமக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு யார் முதலில் உடைத்தது? கடைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி. நடந்தது அப்படி இல்லை. சாயங்கால மின்சார ரயிலில் நசுங்கி இறங்கி, கால் கிலோ தக்காளியும் கொத்தமல்லியும் வாங்க நின்றபோது, "பை கொண்டு வரலையா சார்?" என்று அவர்தான் கேட்டார். "ஸ்டேஷன்லேர்ந்து நேரா வர்றேன்பா, இன்னிக்கு மட்டும் ஒரு கவர் குடு" என்று நாம்தான் சொன்னோம். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பலகைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினார். மாட்டினால் அபராதம் அவருக்கு. நமக்குக் கொஞ்சம் வெட்கம் மட்டும்தான். அதுவும் சீக்கிரம் பழகிவிட்டது. கவர் தராத கடையை விட்டுவிட்டுத் தருகிற கடைக்கு மாறினோம். வியாபாரம் செய்கிறவருக்கு அந்தச் செய்தி புரிய எத்தனை நாள் ஆகும்? சில மாதங்களில் கவர்கள் பலகைக்கு மேலேயே வந்துவிட்டன. தாம்பூலப் பைகள் பீரோவுக்கு மேலே போய்விட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இன்னொரு இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. எடுத்த சபதத்தையே திரும்ப எடுக்கிற பழக்கம் நமக்குப் புதிதல்லவே.

நடுவில் போகியும் வந்துபோகும். ஜனவரி 1ஆம் தேதி துணிப்பையோடு கடைக்குப் போன கைகளே 14ஆம் தேதி விடிவதற்குள் பழைய டயரையும் ரெக்ஸின் பையையும் வாசலில் போட்டுக் கொளுத்தும். அந்தப் புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் விமானங்கள் திரும்பிப்போன போகியும் உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காச நோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928இல் டாக்டர் சௌரி முத்து தேடிவந்து சானடோரியம் கட்டிய ஊர் இந்தத் தாம்பரம். அந்தப் பெயர் ரயில் நிலையப் பலகையில் பத்திரமாக இருக்கிறது.

இதெல்லாம் ஊர்ச் சபதம். சொந்தச் சபதங்களில் மட்டும் நாம் என்ன சாதித்துவிட்டோம்? டிசம்பர் கடைசி வாரம் எல்லோர் வீட்டிலும் ஒரே பட்டியல்தான். எடை குறைக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். டைரி எழுத வேண்டும். போனைக் குறைத்துப் புத்தகத்தைக் கூட்ட வேண்டும். பையனோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேம்ப் ரோட்டிலும் வேளச்சேரி சாலையிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் இதற்காகவே காத்திருந்து தள்ளுபடி பேனர் கட்டுகின்றன. வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம். அவர்கள் கணக்கு நமக்கும் தெரியும்: சந்தா கட்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்தால் நிற்கக்கூட இடம் இருக்காது. வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தள்ளுபடி. சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் ஜனவரி முதல் வாரம் இடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பழைய முகங்கள் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவின் ஸ்க்ராண்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளர் 1980களில் புத்தாண்டுச் சபதம் எடுத்த 200 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார். முதல் வாரம் தாண்டியபோது 77 சதவீதம் பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷ முடிவில் 19 சதவீதம். மனித சுபாவம் எங்கும் இதுதான் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். பட்டுக்கொள்ளத்தான் செய்தோம்.

ஆனால் நம் ஊரில் அந்த ஆறுதல் செல்லாது. ஏனென்றால் சபதம் காக்க நமக்குத் தெரியும். கார்த்திகை ஒன்றாம் தேதி தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். முந்தைய நாள் வரை பெட்டிக்கடைக் கயிற்று நெருப்பில் சிகரெட் பற்ற வைத்தவர் கறுப்பு வேட்டியில் நிற்பார். விடியற்காலம் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, வெறுங்காலோடு நடை, ஒரு மண்டலம் முழுக்கக் கோபத்தைக்கூட அடக்கிக்கொண்டு. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகிற பெண்கள் வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் குறையாமல் விரதம் இருக்கிறார்கள். ரமலானில் ஒரு மாதம் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நம் பக்கத்து மேசைக்காரர் அதே வேலையைப் பார்க்கிறார். தவக்காலத்தில் கறி தொடாதவர்கள் இருக்கிறார்கள். மார்கழி முப்பது நாளும் பனியில் உட்கார்ந்து வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர்களிடம் போய் மன உறுதி பற்றி யாராவது பாடம் எடுக்க முடியுமா?

ஆக, குறை மனத்திண்மையில் இல்லை. அந்த விரதங்களுக்கெல்லாம் தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாள் உண்டு. செய்ய வேண்டியது எது, கூடாதது எது என்று தெளிவாகத் தெரியும். உடை பார்த்தாலே தெரியும். கூட நாலு பேர் இருப்பார்கள்; தவறினால் கேட்க ஒரு குருசாமி இருப்பார். டீக்கடைக்காரர்கூட "சாமி" என்று கூப்பிடுவார்; அந்த அழைப்பே பாதி தாங்கும். (மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய கையோடு ஒரு பாக்கெட் வாங்குகிறவர்களும் உண்டு. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.) ஜனவரிச் சபதத்துக்கு இதில் ஒன்றுகூட நாம் வைக்கவில்லை. முடிவு தேதி இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், டைரியின் முதல் பக்கத்தில் எழுதி மூடிவைத்தோம். சாட்சி இல்லாமல் எடுத்த சபதத்தைச் சாட்சி இல்லாமல் உடைத்துக்கொள்ளலாம். அந்த வசதி தெரிந்தேதான் அப்படி எடுத்தோம் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியலில் இருப்பதெல்லாம் நம் தொப்பை, நம் சர்க்கரை, நம் பையன், நம் சேமிப்பு. வாசற்படியைத் தாண்டி ஒரு வரிகூட இல்லை. நம்மால் உண்மையிலேயே முடியக்கூடிய காரியங்கள் பல அந்தப் படிக்கு அந்தப் பக்கம் பத்தடியில்தான் இருந்தன.

ஒரே ஒரு முறை பட்டியல் வேறு மாதிரி இருந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்யத் தொடங்கி மறுநாள் காலை அளந்தபோது தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர்ப் பக்கமெல்லாம் அடையாறு வீட்டுக்குள் வந்தது. தெருவில் படகு போனது. கீழ்வீட்டுக்காரர்கள் மேல்வீட்டு ஹாலில் படுத்தார்கள். பல வருஷம் படிக்கட்டில் தலையாட்டியதோடு சரி என்றிருந்தவர்கள் ஒரே குண்டானில் சாதம் வடித்துச் சாப்பிட்டார்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை; பேசினோம். "இனிமே நலச்சங்கக் கூட்டத்துக்குத் தவறாம வரணும்பா" என்றார் ஒருவர். கால்வாய் எங்கே அடைபட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மழைநீர்க் குழியைத் தூர்வார வேண்டும், வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளைக் குறித்துவைக்க வேண்டும், பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அன்றைக்குப் பேசினோம்.

2016 ஜனவரி 1 அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்போதும் தெரிந்தது. அந்தப் பட்டியலில் இன்றைக்கும் மிச்சம் இருப்பது பரணில் இருக்கிற பத்திரம் மட்டும். சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். கோடு போனது, கூட்டமும் போனது. நலச்சங்கத்தைப் பழையபடி ஓய்வுபெற்ற மூன்று நாலு பெரியவர்கள் தலையில் கட்டிவிட்டு, சந்தாப் பணத்தை மட்டும் போனில் அனுப்பினோம். அவர்கள் மனு எழுதினார்கள், அலைந்தார்கள். நாம் வாட்ஸ்அப் குழுவில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினோம். 2021 நவம்பரில் அதே தெருக்களில் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடி. ஒவ்வொரு முறையும் அதே வாக்குறுதிகளைப் புதிதாகக் கொடுத்தோம்.

மழைநீர்க் குழி கதை தனி. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும் என்று 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நாட்டுக்கே முன்னுதாரணம் என்று பேசப்பட்ட சட்டம். அந்த ஆண்டு நம் பகுதியில் குழாய் பொருத்தாத வீடு இல்லை. மொட்டை மாடியிலிருந்து குழாய் இறங்கும், குழியில் கூழாங்கல்லும் மணலும் இருக்கும், மேலே ஓட்டை போட்ட சிலாப். அதற்குப் பிறகு அந்த மூடியைத் திறந்தவர்கள் எத்தனை பேர்? சருகும் வண்டலும் படிந்து மேல் மணல் இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. வழிந்து வாசலில் நிற்கும். வாசலில் நிற்கிறதே என்று குழாயைத் திருப்பித் தெருவுக்கு விட்டோம். பக்கத்து வீட்டுக்காரரும் விட்டார். பிறகு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று இருவரும் சேர்ந்து குறை சொன்னோம். சில வீடுகளில் கார் நிறுத்த இடம் போதாமல் குழிக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். வழியில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு சாதாரண வீட்டு மாடியில் வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் இறங்குகிறது. 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். 49 சென்டிமீட்டர் பெய்த அந்த ஒரு நாளில் மட்டும் அதே மாடியில் 45,000 லிட்டர் விழுந்திருக்கும். அதைத்தான் தெருவுக்குத் தள்ளிவிட்டு, தெரு மூழ்கிவிட்டதே என்று திகைத்து நின்றோம்.

அந்தத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் நாளும் வந்தது. பிளாஸ்டிக் சபதம் எடுத்த அதே 2019இன் ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. நம் பக்கம் போர் போட்ட வீடுகளில் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. லாரிக்குப் பதிவுசெய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். நடுராத்திரி ஒரு மணிக்கு லாரி வந்தால் அலாரம் வைத்து எழுந்தோம். நடைக்கு எழ முடியாத நாம்தான்.

அந்தக் கோடையில் சிட்லபாக்கத்தில் சிலர் வேறொன்று செய்தார்கள். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்பவர்கள் அமைப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்குள் இறங்கக் கூப்பிட்டது. ஒரு காலத்தில் 80 ஏக்கருக்கு மேல் இருந்து, பாதிக்குச் சற்று மேல் மட்டும் மிச்சமாகி, கரையில் குப்பைக் கிடங்கையும் சுமந்துகொண்டிருந்த ஏரி. ஐ.டி.காரர்கள், ஆசிரியர்கள், வீட்டுப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று மண்வெட்டியும் பாண்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கைகள். கொப்புளம் வந்திருக்கும். அதே ஆண்டு ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. யார் சொல்லி அறிவித்தார்கள் என்று பார்க்கப்போனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாம் எங்கே இருந்தோம்? பால்கனியில். படத்தைப் பார்த்துக் கை தட்டினோம். "சூப்பர் முயற்சி" என்று எழுதினோம். அடுத்த ஞாயிறு கட்டாயம் வருகிறேன் என்று சொன்னோம். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம் இருந்தது. 25 கோடி என்றதும் இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிம்மதியானோம். நடைபாதை போட்டு முடிந்ததும் செல்ஃபி எடுக்கப் போனோம்.

போகட்டும், கையைத்தான் கொடுக்கவில்லை. கெடுதலாவது செய்யாமல் இருந்தோமா? சிட்லபாக்கத்து உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அந்தச் சதுப்பு நிலம் இடம்பெற்றபோது பெருமையாகப் பகிர்ந்துகொண்டோம். அதன் தலைமாட்டில் இருக்கும் நாம், பாதாள சாக்கடை வராத தெருக்களில், செப்டிக் டேங்க் லாரிக்குக் காசு மிச்சம் என்று ராத்திரி மழையில் மோட்டார் போட்டு மழைநீர்க் கால்வாயில் இறைத்தோம். மழைத் தண்ணீரோடு தண்ணீராய்ப் போய்விடும் என்று நினைத்தோம். போன இடம் செம்பாக்கம் ஏரி. ஆகாயத்தாமரை ஏன் இப்படி மண்டுகிறது என்று காலையில் அதன் கரையில் நடந்துகொண்டே பேசினோம்.

செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஏரியைப் பராமரிப்பது அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் வேலை. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை உயர்த்த வேண்டும், வாய்க்காலைச் செதுக்க வேண்டும். குடிமராமத்து என்று சொல்வார்கள். தளர்ந்துபோன அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். ஏன் அந்த வழக்கம் நம்மிடம் ஒட்டவில்லை என்பதற்குப் பதில் நம் வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது. பழைய சர்வே எண்ணுக்கு நேரே 'நஞ்சை' என்று எழுதியிருக்கும். ஏரி பாய்ந்த வயலை மனையாக்கி வாங்கியவர்கள் நாம். வயல் இருந்தவனுக்கு ஏரி வேண்டும்; மனை வாங்கியவனுக்கு ஏரி ஒரு காட்சி, கொஞ்சம் கொசு, மழைக்காலத்தில் பயம். சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுத்து ஏரி பார்த்த ஃபிளாட் வாங்கினோம். ஏரிக்கு நாம் என்ன தரவேண்டும் என்று எந்தப் புரோக்கரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். மறு ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தில், நகரங்களிலும் கிராமசபை மாதிரிப் பகுதி சபை கூடும் என்று தொடங்கியபோது முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது நம் மாநகராட்சியில்தான், பம்மல் 6ஆவது வார்டில். தெரு விளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்திருக்கிறது என்று கவுன்சிலர் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் இடம். அதற்கப்புறம் நம் பகுதி சபை எப்போது கூடியது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வார்டு எண்ணே தெரியாது. சாப்பாடு கொண்டுவரும் பையனுக்குத் தெருவின் மூன்று அடையாளம் சொல்லத் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு நம் குப்பையை வாங்கிக்கொண்டு போகிற அக்காவின் பெயர் தெரியாது. மக்கும் குப்பையையும் மக்காததையும் ஒன்றாகக் கட்டி அவர் கையில் கொடுக்கிறோம். நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் மீந்த சாம்பாரையும் அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். வீட்டுக்காரர்தான் பிரித்துத் தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. விதிகூட வேண்டாம், இரண்டாவதாக ஒரு பழைய பக்கெட் போதும்.

இப்படி எண்ணிக்கொண்டே போனால் சோர்வுதான் வரும். எல்லாவற்றையும் இந்த ஜனவரியிலேயே திருத்திவிடுவேன் என்று கிளம்புவதும் பழைய கதைதான். அதைச் செய்துதான் பிப்ரவரியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிட்டோம். ஒன்றை எடுத்தால் போதும் என்று இப்போது படுகிறது. ஆனால் அந்த ஒன்றுக்கு நாள், இடம், ஆள் மூன்றும் குறித்திருக்க வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் செய்த சோதனை ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டே நாளில் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். ஆசை மட்டும் இருந்தவர்களில் மூன்றில் ஒருவர். நம் குருசாமிகள் இந்தச் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள்.

தவறினால்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஒரு மண்டலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும்போலிருந்தது. அதைவிட முக்கியம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை. பையை மறந்த ஒரு சாயங்காலம் நம் சபதத்தை உடைக்கவில்லை. "சரி, உடைந்துவிட்டது, இனி என்ன" என்று மறுநாளும் பையில்லாமல் போனோமே, அதுதான் உடைத்தது.

பொறுமைக்கு உதாரணம் நம் ஊரிலேயே நிற்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் புதர்க்காடான அந்த வளாகத்தில் மரங்களை வளர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் நாம் கான்கிரீட் போட்ட பிறகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது அந்த இடத்தில் மட்டும் பேருந்து ஜன்னலில் காற்று மாறுகிறது. மரம் நட்டு நீர் ஊற்றுவதெல்லாம் ஒரு நாளில் பார்த்தால் மிகச் சின்ன காரியம்.

எங்கள் குடியிருப்பில் இந்த ஆண்டு ஒன்றே ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறோம்: ஆடிப்பெருக்கன்று மழைநீர்க் குழியைத் திறப்பது. ஜனவரியிலேயே நாள் குறித்து நாட்காட்டியில் எழுதியாகிவிட்டது. ஆடி 18 எப்படியும் நினைவில் இருக்கும். சித்ரான்னம் உண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு. முந்தின ஞாயிறு மாடியைக் கூட்டித் தெருவுக்குத் திருப்பிய குழாயை மறுபடி குழிக்குத் திருப்ப வேண்டும். அதற்குப் பிளம்பர் வேண்டும். மேல் மணலை அள்ளிப் போட்டுவிட்டுப் புது ஆற்று மணலோ எம்-சாண்டோ இரண்டு மூட்டை. கூழாங்கல்லை அலசித் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டிய மூடியை உடைக்கக் கார்க்காரர் சம்மதித்துவிட்டார், கொஞ்சம் முனகலோடு. சிலாப்பைத் தூக்க நாலு பேர் தேவை. மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் மாடி மாமா தனக்கு இடுப்புப் பிடிப்பு, ஆனால் எல்லோருக்கும் தான் காபி போட்டுத் தருவதாக இப்போதே சொல்லிவிட்டார். நாலாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஜனவரியில் வருஷச் சந்தா கட்டி ஜிம்முக்குப் போகிறாராம். அவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.